நடாஷா ட்ரெத்தவே: கவிதையில் தொடங்குவதா, நினைவுக்குறிப்பில் தொடங்குவதா?

மழைக்காகிதம்:

எங்கள் வாசிப்புக் குழுவில் ஏழு பேர். மாதம் ஒரு புத்தகம், யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம், பாதி நேரம் புத்தகம், மீதி நேரம் பஜ்ஜி. இத்தனை நாளும் தமிழ் நாவல், மொழிபெயர்ப்பு நாவல் என்றே ஓட்டிவிட்டோம். அடுத்த மாதம் என் முறை. இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ஒரு அமெரிக்கக் கவிஞரை எடுக்கலாம் என்று வாயை விட்டுவிட்டேன், ஒரு தோழி உடனே நடாஷா ட்ரெத்தவே பெயரைச் சொன்னார். 2007இல் புலிட்சர் வாங்கியவர், அங்கே அரசவைக் கவிஞர் மாதிரி ஒரு பதவி உண்டாமே, அதில் இருந்தவர், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர். இது வரைக்கும் நானே தேடித் தெரிந்துகொண்டேன்.

குழப்பம் என்னவென்றால், தோழி 'மெமோரியல் டிரைவ்' என்ற நினைவுக்குறிப்பைத்தான் படிக்க வேண்டும் என்கிறார், உரைநடை, ஓடிவிடும் என்கிறார். எனக்கோ புலிட்சர் வாங்கிய 'நேட்டிவ் கார்ட்' கவிதைத் தொகுப்பின் மேல்தான் கண். ஆனால் அது அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றியதாம். ஆபிரகாம் லிங்கன் பெயரைத் தாண்டி எங்கள் ஏழு பேருக்கும் அந்தப் போரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அவருடைய ஒரு கவிதை படித்தேன், நாலு வயதில் கடற்கரையில் நிற்கிற போட்டோ பற்றியது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரொம்ப எளிமையாக, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டது போல. இவ்வளவுதானா, இல்லை எனக்குத்தான் பிடிபடவில்லையா?

பழையபேப்பர்:

கவிதையில் தொடங்குங்கள். நினைவுக்குறிப்பு எங்கும் போய்விடாது.

அந்தப் போட்டோ கவிதையையே எடுத்துக்கொள்வோம். 1970, மிசிசிப்பி மாநிலத்தின் வளைகுடாக் கரை, பூப்போட்ட நீச்சலுடையில் இடுப்பில் கை வைத்து நிற்கும் குழந்தை. படம் எடுப்பது பாட்டி. அந்தக் கடற்கரை முழுவதும் கறுப்பர்களுக்குத் திறந்துவிடப்பட்டு அப்போது இரண்டே வருடம் ஆகியிருந்தது. அதற்கும் நாற்பது வருடம் முன்னால் அதே பாட்டி, கறுப்பர்களுக்கு என்று ஒதுக்கிய குறுகலான மணல் துண்டில் நின்று சிரிக்கிற இன்னொரு படம். கவிதையில் கோபமாக ஒரு சொல் கிடையாது. ஆண்டைச் சொல்லிவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்கிறார், கழித்தல் கணக்கை நாம் போட வேண்டும். இரண்டு வருடம் முன்பு அந்தக் குழந்தை அங்கே நின்றிருந்தால் சட்டப்படி குற்றவாளி. நீங்கள் எளிமை என்று சொன்னது இதைத்தான் என்றால், ஆமாம், எளிமைதான்.

அவருடைய வாழ்க்கைக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் படிக்க முடியாது என்பதால் சுருக்கமாக. அம்மா க்வெண்டலின் டர்ன்போ, கறுப்பர், சமூக சேவைப் பணியாளர். அப்பா எரிக் ட்ரெத்தவே, கனடாவிலிருந்து வந்த வெள்ளையர், அவரும் கவிஞர், அவரும் பேராசிரியர். 1965இல் இவர்கள் கல்யாணம் செய்துகொள்ள மிசிசிப்பியை விட்டு ஒஹையோ வரை போக வேண்டியிருந்தது, ஏனென்றால் மிசிசிப்பியில் அந்தக் கல்யாணம் செல்லாது, குற்றமும்கூட. மகள் பிறந்தது 1966. இப்படிப்பட்ட சட்டங்களை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது 1967. பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் இனம் என்ன என்று எழுதும் இடத்தில் அம்மாவுக்குக் கறுப்பினம் என்றும் அப்பாவுக்கு 'கனடியன்' என்றும் போட்டிருக்கிறார்களாம். எழுதின குமாஸ்தா எப்படித் திருதிருவென்று விழித்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். சிரித்து முடித்த பிறகுதான் உறைக்கும்.

பிறந்த நாளும் சும்மா இல்லை. ஏப்ரல் 26. உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகச் சண்டை போட்டுத் தோற்ற தெற்குத் தரப்பு வீரர்களை நினைவுகூரும் நாள் அங்கே அது, அதிலும் அவர் பிறந்தது நூறாவது வருடம். பிரசவ வார்டுக்கு அம்மா போகும்போது ஊரெல்லாம் அந்தக் கொடி.

சரி, போர். உங்களுக்குத் தேவையானது அரைப் பக்கம்தான். 1861 முதல் 1865 வரை. தெற்கு மாநிலங்கள் பிரிந்து போயின, வடக்கு விடவில்லை. நியூ ஆர்லியன்ஸ் வடக்கின் கைக்கு வந்த பிறகு, 1862இல், அங்கே கறுப்பர்களைச் சேர்த்துப் படைப்பிரிவுகள் அமைத்தார்கள், அதற்குப் பெயர்தான் நேட்டிவ் கார்ட்ஸ். முந்தைய வாரம் வரை அடிமையாக இருந்தவர்கள் பலர் அதில் உண்டு. இரண்டாவது படைப்பிரிவை மிசிசிப்பிக் கரைக்கு எதிரே உள்ள ஷிப் ஐலண்ட் என்ற மணல் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்கள் வேலை, பிடிபட்ட தெற்குப் படைக் கைதிகளைக் காவல் காப்பது. அதாவது நேற்றைய அடிமை காவலாளி, நேற்றைய எஜமானன் கைதி. இந்த ஒரு வாக்கியம் போதும், உங்கள் குழு அந்த நீண்ட கவிதைக்குள் நுழைந்துவிடும்.

அந்தத் தீவு அவர் பிறந்த கல்ஃப்போர்ட் ஊரிலிருந்து படகில் போகிற தூரம். சின்ன வயதில் விடுமுறைக்குப் போய் அங்கிருக்கும் கோட்டையைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். கோட்டையில் தெற்குக் கைதிகளின் பெயர் பொறித்த பலகை உண்டு. காவல் காத்த கறுப்பு வீரர்களைப் பற்றி அப்போது ஒரு சொல் கிடையாது. பெரியவளாகி, பேராசிரியர் வேலைக்கும் போன பிறகுதான், ஊரில் பாட்டியுடன் ஒரு உணவகத்தில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து மேசைப் பெண் ஒருவர் பேச்சில் புகுந்து, இப்படி ஒரு படை இருந்தது தெரியுமா என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சில் முளைத்த புத்தகம்.

இப்போது தொகுப்பின் அமைப்பைப் பாருங்கள். மூன்று பகுதி. நடுப்பகுதியில் அந்தப் படைவீரர்கள். முதல் பகுதி முழுக்க அம்மா. அவர் 1985இல் கொல்லப்பட்டார், அப்போது நடாஷாவுக்கு 19. அம்மாவின் கல்லறைக்கு ஆண்டுக்கணக்கில் கல் வைக்கவில்லை. அங்கே எறும்புகள் மண்ணை அள்ளி அள்ளிப் புற்று கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு கவிதை இருக்கிறது, எறும்பு செய்கிற வேலையைக்கூட நான் செய்யவில்லையே என்கிற மாதிரி. பலகை இல்லாத வீரர்கள், கல் இல்லாத அம்மா. நாட்டுக்கு ஒரு குற்றம், மகளுக்கு ஒரு குற்றம், இரண்டையும் ஒரே புத்தகத்துக்குள் வைத்துவிட்டார். ஐம்பது பக்கம் முன்பின் இருக்கும், அவ்வளவுதான். 'மெமோரியல் டிரைவ்' முதலில் படித்தீர்கள் என்றால் இந்தக் கவிதைகள் எல்லாம் அந்தக் கொலைக்கு அடிக்குறிப்பு போல ஆகிவிடும். அதனால்தான் சொல்கிறேன்.

அட்லாண்டா_அத்தை:

பழையபேப்பர் தம்பி சொல்வது நியாயம்தான், ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கவிதை வாசித்துப் பழகாத ஏழு பேர் முன்னால் சொனெட் என்கிற பதினாலு வரிக் கவிதை வடிவத்தை வைத்தால் பஜ்ஜிதான் ஜெயிக்கும்.

நான் அட்லாண்டா பக்கம் பல வருடமாக இருக்கிறேன். மெமோரியல் டிரைவ் என்பது புத்தகப் பெயர் மட்டும் இல்லை, நிஜமான ரோடு. நகர மையத்திலிருந்து கிழக்கே போய் ஸ்டோன் மவுண்டன் பக்கம் விடும். அது ஒரே கருங்கல்லாக நிற்கிற மலை, அதன் முகத்தில் தெற்குத் தரப்பின் மூன்று தலைவர்களைக் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிற மாதிரி செதுக்கி வைத்திருக்கிறார்கள், 1972இல்தான் வேலை முடிந்தது. 1915இல் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் மறுபடி உயிர் பெற்றதும் அதே மலை மேல்தான். நாங்களும் ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய்ப் புளியோதரையைப் பிரித்திருக்கிறோம். இந்தப் புத்தகம் படித்த பிறகு அந்த ரோட்டில் வண்டி ஓட்டுவது ஒரு மாதிரியாக இருக்கிறது. அவருடைய அம்மா கடைசியாகக் குடியிருந்த அடுக்குமாடி வீடு அந்த ரோட்டில்தான் இருந்தது.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், சிலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கொன்றது அப்பா இல்லை. நடாஷா சிறுமியாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள், அம்மா மகளோடு அட்லாண்டா வந்தார், இங்கே வியட்நாம் போருக்குப் போய் வந்த ஒருவரை மறுமணம் செய்துகொண்டார். அந்த ஆள் அடித்தான். அம்மா வெளியே வந்தார், விவாகரத்து வாங்கினார், தனி வீடு பார்த்தார், போலீசில் சொன்னார். ஒரு முறை கொல்ல முயன்று சிறைக்குப் போனவன் திரும்பி வந்து 1985 ஜூன் 5இல் சுட்டுக் கொன்றான். "விட்டுவிட்டுப் போயிருக்கலாமே" என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தப் புத்தகம், அந்தப் பெண் விட்டுவிட்டுத்தான் போனார்.

புத்தகத்தில் என்னை உலுக்கியது நடாஷா எழுதிய பகுதிகள்கூட இல்லை. கொலை நடந்து இருபது வருடம் கழித்து, அன்று முதலில் அங்கே போய்ச் சேர்ந்த போலீஸ்காரர் ஒருவர் இவரை ஒரு உணவகத்தில் அடையாளம் கண்டுகொள்கிறார், பழைய கோப்புகளை அழிக்கப் போகிறார்கள், உனக்கு வேண்டுமா என்று கேட்கிறார். அந்தக் கோப்பில் அம்மா தன் கைப்பட மஞ்சள் தாளில் எழுதிய பக்கங்கள் இருந்தன, கடைசி நாட்களில் அந்த ஆளோடு பேசிய தொலைபேசிப் பேச்சின் எழுத்து வடிவமும் இருந்தது, ஆதாரத்துக்காகப் பதிவு செய்திருக்கிறார்கள். அதை அப்படியே அச்சில் போட்டுவிட்டார் மகள். ஒரு உவமை இல்லை, ஒரு விளக்கம் இல்லை. அந்த அம்மா எவ்வளவு நிதானமாக, எவ்வளவு பதமாகப் பேசிப் பேசி நேரத்தைக் கடத்துகிறார் என்று படிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது.

இன்னொரு இடம். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அம்மா பூட்டு வைத்த டைரி வாங்கித் தருகிறார். அந்த ஆள் பூட்டை உடைத்துப் படிக்கிறான். இவளுக்குத் தெரிந்துவிடுகிறது. டைரி எழுதுவதை நிறுத்தவில்லை, மறுநாளிலிருந்து அவனைப் பார்த்தே எழுத ஆரம்பிக்கிறாள், கெட்ட வார்த்தையோடு. படித்தேன் என்று அவனால் வாய் திறக்க முடியாது, திறந்தால் மாட்டிக்கொள்வான். எழுத்து என்பது எதிராளியின் வாயை அடைக்கிற வேலை என்று அந்த வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். இதைப் படிக்காமல் அவர் கவிதைக்குப் போனால் அந்த அடங்கிய குரலைச் சாதுவான குரல் என்று நினைத்துவிடுவீர்கள்.

சித்திரைவெயில்:

எதில் தொடங்கினாலும் சரி, வடிவத்தைக் கவனிக்காமல் படித்தால் பாதி போச்சு. ஆனால் இதில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது, ஆங்கிலம் மட்டும் படித்தவர்களுக்கு நாள் கணக்கில் விளக்க வேண்டியது நமக்கு ஒரு வார்த்தையில் முடியும்.

'நேட்டிவ் கார்ட்' என்ற அந்த நீண்ட கவிதை பத்து சொனெட். ஒன்றின் கடைசி வரி அடுத்ததன் முதல் வரியாக வரும், கொஞ்சம் உருமாறி. பத்தாவதின் முடிவு முதலாவதின் தொடக்கச் சொற்களுக்கே திரும்பி வந்துவிடும். அந்தாதி! மண்டலித்து முடிகிற அந்தாதி. அபிராமி அந்தாதியில் சுற்றி வந்து நிற்பதைக் காதால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அங்கே பக்தி சுற்றுகிறது, இங்கே மறக்க மாட்டேன் என்கிற பிடிவாதம் சுற்றுகிறது. பேசுபவன் விடுதலையான அடிமை, எழுதப் படிக்கத் தெரிந்தவன். எழுதத் தெரியாத தெற்குக் கைதிகளுக்கு அவன்தான் வீட்டுக் கடிதம் எழுதித் தருகிறான், அவர்கள் பெயருக்குப் பதில் பெருக்கல் குறி போடுகிறார்கள். தன் சொந்தக் குறிப்புகளை எழுத அவனுக்குத் தாள் இல்லை, தெற்குக்காரன் ஒருவனிடமிருந்து எடுத்த நாட்குறிப்பில், அவன் எழுதிய வரிகளுக்குக் குறுக்கே, அதன் மேலேயே எழுதுகிறான். ஒரு பக்கத்தில் இரண்டு வரலாறு, ஒன்றின் மேல் ஒன்று. இதற்குமேல் நான் விளக்கினால் கெடுத்துவிடுவேன்.

அதே தொகுப்பில் 'மித்' என்று ஒரு சின்னக் கவிதை. ஒன்பது வரி போகும், நடுவில் ஒரு இடைவெளி, அதே ஒன்பது வரி தலைகீழ் வரிசையில் திரும்பி வரும். நம் மாலைமாற்று எழுத்தெழுத்தாகத் திரும்பும், இது வரிவரியாகத் திரும்புகிறது. விஷயம் என்னவென்றால், தூங்கும்போது கனவில் அம்மா உயிரோடு இருக்கிறார், விழித்தால் இல்லை, மறுபடி தூங்கினால் இருக்கிறார். கவிதை முன்னும் பின்னுமாகப் போய்வருவதைத் தவிர வேறு எப்படி இருக்க முடியும்? சம்பந்தர் மாலைமாற்றைப் பள்ளியில் வித்தை என்று சொல்லிக்கொடுத்தார்கள், எனக்கும் அப்படித்தான் மனதில் பதிந்திருந்தது. ஒரு துக்கத்துக்கு இந்த வடிவம்தான் சரி என்று தோன்றும்படி நான் படித்த முதல் கவிதை இது.

அப்புறம் கஜல், இரண்டிரண்டு வரிக் கண்ணிகளாகப் போகிற வடிவம். 'மிசெஜெனேஷன்' என்று பெயர், இனக் கலப்பைக் குற்றமாகச் சொன்ன பழைய சட்டச் சொல் அது. ஒவ்வொரு கண்ணியும் 'மிசிசிப்பி' என்றே முடியும், எங்கே ஓடினாலும் அந்த மாநிலம் வந்து வழி மறிக்கிற மாதிரி. கஜல் மரபுப்படி கடைசிக் கண்ணியில் கவிஞர் தன் பெயரைச் சொல்ல வேண்டுமே, அங்கே நடாஷா என்ற ரஷ்யப் பெயர் தனக்கு எப்படி வந்தது என்பதை வைத்து முடித்திருக்கிறார். மரபையும் காப்பாற்றியாயிற்று, மனதில் இருந்ததையும் சொல்லியாயிற்று.

பினாங்குப்பொன்னி:

சித்திரைவெயில், ஒன்றை விட்டுவிட்டீர்கள். அதே புத்தகத்தில் 'இன்சிடென்ட்' கவிதை பன்டூம் வடிவம். அது எங்கள் ஊர்ச் சரக்கு! பந்துன் என்கிற மலாய்ப் பாட்டு வடிவத்திலிருந்து, அதிலும் பந்துன் பெர்காய்த் என்று சங்கிலி போலக் கோத்துச் சொல்லும் வகையிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனது, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஒரு பத்தியின் இரண்டாவது, நான்காவது வரிகள் அடுத்த பத்தியின் முதல், மூன்றாவது வரிகளாக வரும். பள்ளியில் மலாய் வகுப்பில் கல்யாணப் பந்துன், கிண்டல் பந்துன் என்று மனப்பாடம் செய்த எனக்கு இந்த வடிவத்தில் இப்படி ஒரு விஷயத்தைப் பார்த்ததும் திக்கென்றது.

விஷயம்: கறுப்பர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் பதிய உதவி நடந்துகொண்டிருந்த காலம், பாட்டி வீட்டு முன்னால் ராத்திரியில் கூ கிளக்ஸ் கிளானின் வெள்ளை அங்கிக்காரர்கள் வந்து சிலுவையைக் கொளுத்திவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். யாரும் வரவில்லை. யாருக்கும் அடிபடவில்லை. காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி. ஆனால் குடும்பத்தில் வருடா வருடம் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். கவிதை அந்த வரியில்தான் ஆரம்பிக்கிறது, அதே வரியில்தான் முடிகிறது. எங்கள் அம்மாச்சி ஜப்பான்காரன் காலத்துக் கதையைச் சொல்லும்போது இப்படித்தான், அதே வாக்கியம், அதே இடத்தில் ஒரு பெருமூச்சு, நாங்கள் சலித்துக்கொள்வோம். இப்போது கேட்க ஆள் இல்லை.

குழுவில் ஒரே ஒரு கவிதைதான் வாசிக்க நேரம் இருக்கும் என்றால் இதை வாசியுங்கள். ஆங்கிலம் சுலபம், சத்தமாகப் படித்தால் தானாக ஏறும்.

தாமிரபரணிக்காரன்:

எல்லோரும் ஒரே ராகத்தில் பாடுகிறீர்கள், நான் கொஞ்சம் சுருதி பேதம் பண்ணுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் 'நேட்டிவ் கார்ட்', 'பெலாக்ஸ் ஒஃபீலியா', 'த்ரால்' மூன்றும் படித்திருக்கிறேன். எனக்கு அவரிடம் ஒரு குறை உண்டு. எல்லாம் ரொம்பக் கச்சிதமாக அமைகிறது. பிறந்த நாள் பார்த்தால் அது ஒரு குறியீடு, அம்மா வீட்டு ரோடு பார்த்தால் அது ஒரு குறியீடு, தீவு ஒரு குறியீடு. வடிவமும் அப்படியே பொருந்துகிறது. படிக்கிறவன் மூச்சு விட இடம் வேண்டாமா? 'பெலாக்ஸ் ஒஃபீலியா'வில் 1912 வாக்கில் நியூ ஆர்லியன்ஸ் விலைமாதர் பகுதியில் பெலாக் என்பவர் எடுத்த புகைப்படங்களிலிருந்து ஒரு பெண்ணை உருவாக்கி அவளைக் கடிதம் எழுத வைக்கிறார், யோசனை அபாரம், ஆனால் பல இடத்தில் பேராசிரியை வகுப்பெடுக்கிற வாடை.

அதோடு அரசாங்கம் கொடுக்கிற பதவியில் உட்கார்ந்த கவிஞர் என்றால் எனக்கு இயல்பாகவே ஒரு சந்தேகம். அது என் வியாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பழையபேப்பர்:

தாமிரபரணியாரே, 'பெலாக்ஸ் ஒஃபீலியா' பற்றி உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். முதல் தொகுப்பான 'டொமஸ்டிக் வொர்க்' அதைவிட எனக்குப் பிடிக்கும், ரீட்டா டவ் என்ற மூத்த கறுப்பினக் கவிஞர் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுத்து 2000இல் வந்தது. அதில் குறியீடு தானாக வந்து தூண்டிலில் மாட்டுகிறது. அத்தையோடு மீன் பிடிக்கப் போகிற சிறுமி, வெயிலில் தொப்பி போட்டுக்கொள், நீ உன் அப்பன் மாதிரி வெளுப்பு என்கிறாள் அத்தை. மாட்டுவது ஒரு தட்டை மீன், நம் நாக்கு மீன் மாதிரி ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. தரையில் விழுந்து அது புரண்டு புரண்டு துடிக்கிறது. அந்த மீன் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும், அதற்கு அவர் என்ன செய்வார்?

பதவி விஷயம். அரசவை என்றவுடன் நமக்குப் பொன்னாடை ஞாபகம் வருகிறது, அங்கே அப்படி இல்லை. நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர் நியமிக்கிறார், இவர் இருந்தபோது வருடத்துக்கு 35,000 டாலர், அதுவும் தனியார் அறக்கொடையிலிருந்து. ஜனாதிபதியைப் பாடு என்று யாரும் கேட்பதில்லை. இவர் 2012 முதல் 2014 வரை, பத்தொன்பதாவது ஆள். அதே சமயம் மிசிசிப்பியின் மாநிலக் கவிஞரும் இவர்தான், பெற்றோர் கல்யாணத்தைக் குற்றம் என்று சொன்ன அதே மாநிலம். வாஷிங்டனுக்கே குடிபோய் நூலகத்தின் கவிதை அறையில் நேரம் ஒதுக்கி, யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்று உட்கார்ந்தார், பேராசிரியர் மாணவர்களுக்கு நேரம் ஒதுக்குகிற மாதிரி.

கச்சிதம் பற்றிய உங்கள் புகார்தான் முக்கியமானது. அதற்கு 'த்ரால்' 2012 தொகுப்பிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே அவர் சண்டை போடுவது தான் நேசிக்கிற ஆளோடு, அதில் எதுவும் கச்சிதமாக முடிவதில்லை. அப்பா எரிக் மகளைப் பற்றி எழுதிய ஒரு கவிதையில் அவளைக் கலப்பினக் குழந்தை என்று ஒரு சொல்லால் குறித்திருக்கிறார். கறுப்புப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, ஊரை எதிர்த்து நின்ற மனிதர், கெட்ட எண்ணமே கிடையாது. ஆனால் அது நாய்க்கும் மாட்டுக்கும் சொல்கிற சொல். மகள் அதை வருடக்கணக்கில் சுமந்து, தானும் கவிஞராகி, உடற்கூறு மருத்துவர்கள் ஒரு பெண் பிணத்தைச் சுற்றி நின்று ஆராயும் ஓவியத்தைப் பற்றி எழுதும்போது கடைசியில் அப்பாவின் அந்த வரியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அப்பா உயிரோடு இருந்து படிக்கும் காலத்திலேயே.

இன்னொரு கவிதையில் அப்பாவும் மகளும் ஜெஃபர்சன் வீடான மாண்டிசெல்லோவைப் பார்க்கப் போகிறார்கள். சுதந்திரப் பிரகடனம் எழுதியவர், நூற்றுக்கணக்கில் அடிமை வைத்திருந்தவர், சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண்ணோடு பிள்ளைகள் பெற்றவர். வழிகாட்டி எல்லோரையும் கற்பனையில் பழைய காலத்துக்குள் நுழையச் சொல்கிறார். மகள் அப்பா காதில் கிசுகிசுக்கிறாள், இங்கேதான் நாம் பிரிய வேண்டும், நான் கொல்லைப்புறம் வழியாகப் போகிறேன் என்று. அப்பாவும் சிரிக்கிறார். இது ஜோக்தான், இரண்டு பேருக்கும் இது ஜோக் இல்லை என்று தெரியும். 2014இல் எரிக் காலமானார். ஆனால் 'த்ரால்' முதல் கவிதையே அவருக்கான இரங்கற்பா, அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதியது, இருவரும் ஆற்றில் மீன் பிடிக்க நின்ற ஒரு காலையைப் பற்றி. அப்பாவைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் இரங்கற்பா எழுதிக்கொண்டிருந்தேன் என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். கவிஞரைப் பெற்றவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் பாருங்கள்.

தாமிரபரணிக்காரன்:

மாண்டிசெல்லோ கவிதையை நான் வேகமாகத் தாண்டியிருக்கிறேன் போலிருக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன். வகுப்பெடுக்கிற வாடை என்று சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன்.

அட்லாண்டா_அத்தை:

வாடை இருக்கத்தான் செய்யும், வகுப்பறைதானே அவர் வாழ்க்கை. எங்கள் ஊர் எமரி பல்கலைக்கழகத்தில் 2001இலிருந்து பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தார், 2017இல்தான் சிகாகோ பக்கம் நார்த்வெஸ்டர்ன் போனார். அம்மா செத்த ஊருக்கு வேலைக்காகத் திரும்பி வருவது லேசான காரியமா? அவர் மாணவியாக இருந்தபோது ஒரு ஆசிரியர் சொன்னதையும் ஒரு கவிதையில் போட்டிருக்கிறார்: உன் அம்மாவின் சாவை இறக்கி வைத்துவிடு, மனதில் இருப்பதைக் கவிதையில் கொட்டு என்றாராம். அம்மா சாவை எடுத்துவிட்டால் அந்த மனதில் கொட்ட வேறு என்ன இருக்கும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. அது 2018இல் வந்த 'மான்யுமென்ட்' தொகுப்பில் இருக்கிறது, பழைய தொகுப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்ததோடு புதியதும் உண்டு. மழைக்காகிதம், ஒன்று மட்டும்தான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள், எங்கள் சண்டையும் தீர்ந்துவிடும்.

மழைக்காகிதம்:

அப்பாடா, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

முடிவு செய்துவிட்டேன். 'நேட்டிவ் கார்ட்'தான். அத்தை கோபித்துக்கொள்ள வேண்டாம், தோழிக்காக 'மெமோரியல் டிரைவ்' அதற்கடுத்த மாதம், அவரே நடத்தட்டும். பினாங்குப்பொன்னி சொன்ன சிலுவைக் கவிதையை நேற்று ராத்திரி சமையலறையில் நின்று சத்தமாகப் படித்துப் பார்த்தேன். முதல் தடவை அந்த வரி வந்தபோது சாதாரணமாகத்தான் இருந்தது. கடைசியில் மறுபடி வந்தபோது படிக்க முடியவில்லை. எளிமை என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு நடைமுறைச் சிக்கல். அந்தாதியைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு சொனெட்டாக வாசிக்கலாம், ஒருவர் முடிக்கிற வரியை அடுத்தவர் எடுக்கட்டும் என்று திட்டம். சொனெட் பத்து, ஆள் ஏழு. மூன்று பேர் இரண்டு முறை வாசிக்க வேண்டும், யார் அந்த மூன்று பேர் என்று இப்போதே வாட்ஸ்அப்பில் அடிதடி ஆரம்பித்துவிட்டது.